ரவுடி சுற்றிக் காட்டிய நாள்

ரவுடி என்றதும் அரிவாளும் மடித்துக் கட்டிய லுங்கியும் கண்ணுக்குள் வந்திருந்தால் தயவுசெய்து அதைத் துடைத்துவிடுங்கள். எங்கள் ஊரான கிம்லெட் வெல்லில் ரவுடி என்பது ஆல்வின் பென்ஹேலின் பெயர். ஈயை விரட்டுவதற்குக்கூட அதனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிற ஆள் அவன். எங்கள் பாஷையில் அந்தச் சொல்லுக்குக் கூச்சல் போடுகிறவன் என்று பொருள். செம்பட்டை முடிக்காரனுக்கு நீலம் என்றும், வழுக்கைத் தலையனுக்குச் சுருட்டை என்றும், வாசலில் குனிந்து நுழைகிறவனுக்குப் பொடியன் என்றும் பெயர் வைக்கிற ஊரில் வாயே திறக்காதவனுக்கு வேறு என்ன பெயர் வைக்க முடியும்?

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் ஒருவர் பெயருக்கு முன்னால் மிஸ்டர் போட்டால், கோர்ட்டிலிருந்து ஏதோ வந்திருக்கிறது என்று பின்வாசல் வழியாகப் போய்விடுவார். அதனால் தலை நரைத்தவர்களாக இருந்தாலும் அவன், அவள் என்றுதான் எழுதப் போகிறேன். பெர்த்திலிருந்து வருகிறவர்களுக்கு மட்டும் மரியாதை உண்டு. அவர்கள் எதிர்பார்க்கிறார்கள்.

ரவுடி இளவயதிலேயே குழாய் வேலைக்குச் சேர்ந்தவன். கடற்கரை மலைகளிலிருந்து இந்தத் தங்கவயல் பொட்டலுக்குத் தண்ணீரை ஏற்றிவிடுகிற பெரிய குழாய் இருக்கிறதே, அதன் பம்பு நிலையத்தில். சேர்ந்த முதல் நாள் மேஸ்திரி, "எப்படிடா இருக்கு வேலை?" என்று கேட்டான். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் ரவுடி தலையை நிமிர்த்தி, "பரவாயில்ல" என்றான். எதற்குப் பதில் என்று யாருக்கும் விளங்கவில்லை. விளங்கியதும் பெயர் வைத்துவிட்டார்கள். அதோடு ஆல்வின் என்கிற பெயரை வரிக் காகிதத்தில் தவிர யாரும் பார்த்ததில்லை.

பம்பு இரவும் பகலும் தடதடக்கும். அந்தச் சத்தத்துக்கு நடுவே பேசினாலும் கேட்காது, பேசாவிட்டாலும் குற்றம் இல்லை. அவனுக்கென்றே செய்து வைத்த உத்தியோகம். கல்யாணம் மட்டும் ஆகவில்லை. பெண்ணைக் கேட்பதற்கும் வாயைத் திறந்தாக வேண்டுமே.

ஓய்வு பெற்று வந்ததும் நோலீன் ஸ்பர்லிங் அவன் வீட்டு வேலிக்கு வெளியே வந்து நின்றாள். "ரவுடி, வீட்ல சும்மா உக்காந்து சுவரைப் பாக்கறதுக்கு, மியூசியத்துல வந்து சுவரைத் துடைக்கலாம்ல?" என்றாள். அவன் பதிலை யோசித்துக்கொண்டிருந்தபோதே, "சரி, திங்கக்கெழமை வந்துடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அன்றிலிருந்து அவன் வந்துகொண்டிருக்கிறான். கதவைத் திறப்பான், பல்பு மாற்றுவான், தூசி தட்டுவான், டீக்குத் தண்ணீர் கொதிக்க வைப்பான். தூசி தட்டத்தான் அவன் வருகிறான் என்று ஊரில் நம்பிக்கொண்டிருந்தது ஒரே ஒரு ஆள், நோலீன்.

எங்கள் மியூசியம் பழைய சுரங்க நீதிமன்றக் கட்டடத்தில் இருக்கிறது. அதற்குள் இருக்கிற சாமான்களில் பாதி, அவரவர் கொட்டகையில் இடம் போதாமல் கொண்டு வந்து போட்டவை. அதை மியூசியம் ஆக்கியது நோலீனுடைய வாய். முன்பு ஊரின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து எல்லோருக்கும் லைன் போட்டுக் கொடுத்தவள் அவள். தானியங்கி வந்து அந்த வேலை போன பிறகு, தேக்கி வைத்த பேச்சையெல்லாம் மியூசியத்தில் கொட்டினாள். ஒரு பழைய இரும்புக் கட்டில் இருக்கிறது. அது பொடியன் மெக்லஷன் என்கிற ராட்சத உடம்புக்காரனுடையது, உண்மைதான். ஆனால் அவன் காலை ஜன்னலுக்கு வெளியே நீட்டித் தூங்குவான், காலையில் கட்டைவிரலில் கிளிகள் உட்கார்ந்திருக்கும் என்பதெல்லாம் நோலீனுடைய சொந்தச் சரக்கு. கேட்டால், "கட்டிலை மட்டும் பாக்கறதுக்கு அவங்க கட்டில் கடைக்குப் போவாங்களே" என்பாள்.

இதெல்லாம் சில்லறைப் பொய். பெரிய பொய் நீதிபதியின் அறையில், ஒரு கயிற்றுக்கு அப்பால், பொம்மை மேல் மாட்டி நிற்கிறது. வெள்ளைக் கல்யாண உடுப்பு. தங்கவேட்டைக் காலத்தில் அகஸ்டா என்று ஒரு பெண், அவளுக்கு ஒரு சுரங்கத் தொழிலாளி மாப்பிள்ளை. கல்யாணத்துக்கு முந்தின நாள் சுரங்கம் சரிந்து அவன் உள்ளே மாட்டிக்கொண்டான். பாறையைத் தட்டும் சத்தம் மட்டும் வெளியே கேட்டது, பேச்சு வரவில்லை. அகஸ்டா இந்த உடுப்போடு சுரங்க வாயில் உட்கார்ந்து அந்தத் தட்டலைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். நோலீன் இந்த இடத்துக்கு வரும்போது வயதான ஆண்கள்கூடக் கைக்குட்டையைத் தேடுவார்கள்.

அகஸ்டா என்று யாரும் கிடையாது. அந்த உடுப்பு நோலீனுடையது. பெர்த்தில் ஒரு பெரிய கடையின் விலைப்பட்டியலைப் பார்த்துத் தபாலில் வரவழைத்தது. மாப்பிள்ளை சுரங்கத்தில் சாகவில்லை. கல்யாணத்தன்று காலையில் லாரியை எடுத்துக்கொண்டு மேற்கே கடலோரம் இருக்கிற பன்பரிக்குப் போய்விட்டான், நன்றாகவே இருந்தான் என்று கேள்வி. இது ஊர் முழுக்கத் தெரியும். ஆனால் இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் எதை வேண்டுமானாலும் கேலி செய்வார்கள், கால்சட்டையே இல்லாமல் நிற்க வைத்துவிடுவார்கள். அந்த உடுப்பின் பக்கம் மட்டும் போக மாட்டார்கள். பொம்மையின் முதுகுப் பக்கம் எப்போதும் சுவரைப் பார்த்தே இருக்கும். ஏனென்றால் முதுகில் கழுத்திலிருந்து இடுப்பு வரை ஒரு நைலான் ஜிப் ஓடுகிறது.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். பெர்த்திலிருந்து ஒரு முதியோர் வரலாற்றுச் சங்கம், பேருந்து நிறைய, பழைய கட்டடங்களையும் மியூசியங்களையும் பார்த்துக்கொண்டே தங்கவயல் முழுக்கச் சுற்றி வருவதாகச் சொல்லியிருந்தது. முந்தின நாள் சனிக்கிழமை எங்கள் ஃபுட்டி, அதாவது எங்கள் பக்கத்துக் கால்பந்து, அணிக்கும் பக்கத்து ஊருக்கும் மேட்ச். நோலீன் எல்லைக் கோட்டில் நின்று நடுவரின் கண்பார்வையைப் பற்றியும், அவர் பிறந்த விதத்தைப் பற்றியும் கடைசி வரை விளக்கிக்கொண்டிருந்தாள். நாங்கள் தோற்றோம். ஞாயிறு காலையில் அவள் வாயைத் திறந்தபோது காற்று மட்டும் வந்தது.

மியூசியக் கமிட்டியின் தலைவன் வால் ஜாரல்ட், கறிக்கடை வைத்திருந்தவன். நெடுஞ்சாலையில் எங்கோ காலைச் சாப்பாட்டுக்கு நின்ற பேருந்திலிருந்து சங்கத்தின் செயலாளர் மிஸஸ் ஹூக்ஸ்ட்ரா அவனுக்கு போன் செய்தார். இளவயதில் ஹாலந்திலிருந்து வந்து, இங்கேயே காலம் கழித்தும் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு, மனதில் பட்டதை அப்படியே சொல்கிற பழக்கம் போகாத அம்மாள்.

"எங்களுக்குச் சுத்திக் காட்டறவங்க தயாரா?" என்று கேட்டார்.

"நோலீனுக்குத் தொண்டை போச்சுங்க. நீங்க கவலையே படாதீங்க, ரவுடி இருக்கான்."

"ரவுடியா?"

"ஆமாங்க. சின்ன வயசுலேருந்து ஊரே அவனை அப்படித்தான் கூப்பிடும்."

வால் இதைச் சூது வாது இல்லாமல்தான் சொன்னான். எங்களுக்கு அது வெறும் பெயர். மிஸஸ் ஹூக்ஸ்ட்ரா போனை வைத்துவிட்டுப் பேருந்தின் மைக்கை எடுத்தார். கிம்லெட் வெல்லில் சுற்றிக் காட்டுகிறவர் பயங்கரமாகக் கத்துவாராம், ஊரே சொல்கிறதாம், அதனால் எல்லோரும் இறங்குவதற்கு முன்னால் காது மெஷினைக் குறைத்து வைத்துக்கொள்ளவும் என்று அறிவித்தார்.

வால் வந்து விஷயத்தைச் சொன்னபோது ரவுடி ஏணி மேல் நின்று பல்பு மாற்றிக்கொண்டிருந்தான். இறங்கி வரவில்லை.

"மாட்டேன்" என்றான்.

"டேய், தெனம் அவ பேசறதைக் கேட்டுக்கிட்டுத்தானே நிக்கறே? அதையே சொல்லு."

"அது பொய்."

"பொய்தான். நாங்க என்ன நெஜம்னா சொன்னோம்?"

"எனக்கு வராது."

"அப்ப உனக்குத் தெரிஞ்சதைச் சொல்லித் தொலை. ஒண்ணே ஒண்ணு, ரவுடி." வால் குரலை இறக்கினான். "அந்த டிரஸ் கிட்டப் போனதும் ஏதாவது உண்மையைப் பேசி நோலீனைக் கவுத்துடாதே. அவ அங்கதான் நிக்கப் போறா. பஸ் நெறைய ஆளுங்க முன்னாடி அவ முகம் வாடுச்சுன்னா, உன்னை நானே அந்தக் கட்டில்ல படுக்க வெச்சுடுவேன்."

ரவுடிக்குப் பொய் சொல்லத் தெரியாது, உண்மை சொல்லக் கூடாது. மிச்சம் இருப்பது மௌனம்தான், அதைத்தான் இன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

போகிற போக்கில் வால் இன்னொரு நல்ல காரியமும் செய்துவிட்டுப் போனான். முந்தின வாரம் யாரோ கொடுத்த கண்ணாடி பதித்த பீரோ ஒன்று நடைபாதையை அடைத்துக்கொண்டு நின்றது. விருந்தாளிகள் வருகிற நேரம், அழகாக இருக்கட்டும் என்று அதைத் தள்ளிக்கொண்டுபோய் நீதிபதியின் அறையில் பொம்மைக்குப் பின்னால் நிறுத்தினான். அதற்கு இடம் பண்ண பொம்மையைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினான். அவனுக்குக் கறி வெட்டத் தெரியும். கண்ணாடி எதைக் காட்டும் என்பது தெரியாது.

பேருந்து வந்தது. நோலீன் கழுத்தில் கம்பளி சுற்றிக்கொண்டு, சூடான எலுமிச்சைத் தண்ணீரோடு வந்து சேர்ந்தாள். வீட்டில் கிட என்றால் கேட்பாளா? பழைய ஓட்டல் மேஜையில் இருந்த பித்தளை மணியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். ரவுடி எதையாவது விட்டுவிட்டால் அடிப்பாளாம். சைகையிலேயே தெளிவாகச் சொன்னாள்.

ரவுடி கட்டில் முன்னால் போய் நின்றான். நரைத்த தலைகள் அவனைச் சுற்றிக் கூடின. சில பேர் காதைப் பொத்திக்கொள்ளத் தயாராகக் கையை உயர்த்தி வைத்திருந்தார்கள்.

"கட்டில்" என்றான்.

"என்ன சொன்னார்?" என்றது பின்வரிசை.

"கட்டில்."

"கேக்கலப்பா!"

"கட்டில்!" என்று ரவுடி கத்தினான். அவன் கத்தியதை அவனே அன்றைக்குத்தான் முதன்முதலில் கேட்டான். எதிரே மதுக்கடைத் திண்ணையில் இருந்தவர்கள், மியூசியத்தில் தீப்பிடித்துவிட்டதா என்று எழுந்து நின்றதாகப் பின்னால் தெரிந்தது. "பொடியன் மெக்லஷனோடது! பெரிய ஆளு! செத்துட்டான்!"

கிளிகளைக் காணோம். நோலீன் மணியை ஓங்கி அடித்தாள். பெர்த்துக்காரர்கள் ஒழுங்கான மனிதர்கள். மணி அடித்தால் அடுத்த அறைக்குப் போக வேண்டும் என்று புரிந்துகொண்டு கூட்டமாக நகர்ந்துவிட்டார்கள்.

"ஒட்டகச் சேணம்! ஒட்டகமும் செத்துடுச்சு!"

மணி. நகர்ந்தார்கள்.

"ஆபரேஷன் மேஜை! சில பேர் எழுந்து போனாங்க!"

மணி. ஒரு கிழவர் விழுந்து விழுந்து சிரித்தார். "எங்க டாக்டரும் இவ்ளோதான் சொல்வாரு" என்றார். அந்தச் சிரிப்பு கூட்டம் முழுக்கப் பரவியது. பியானோவைக் காட்டி, "சுருதி இல்ல, வாசிக்கவும் ஆள் இல்ல" என்றபோது கைதட்டினார்கள். நோலீன் அடித்த மணிகளின் கோபம் ஏறிக்கொண்டே போனது, கூட்டத்தின் வேகமும் ஏறிக்கொண்டே போனது. அவள் வழக்கமாக ஒரு முழுக் காலைப் பொழுதும் இழுக்கிற மியூசியத்தை டீக்காக அடுப்பில் வைத்த ஸ்கோன் ரொட்டி வெந்து முடிவதற்குள் கடந்துவிட்டார்கள். குழாய்த் துண்டு ஒன்றின் முன்னால் மட்டும் ரவுடி நின்று, அதன் மேல் கையை வைத்து, "இது குழாய். தண்ணி வந்தது. நல்லா இருந்தது" என்று நிதானமாகச் சொன்னான். அதற்கு நோலீன் மணி அடிக்கவில்லை. அதில் சேர்க்க அவளுக்கும் ஒன்றும் இல்லை.

கடைசியாக நீதிபதியின் அறை. ரவுடி வாசலிலேயே நின்று, "கல்யாண டிரஸ். பழசு. எல்லாரும் டீ குடிக்கலாம்" என்று முடித்துக்கொள்ளப் பார்த்தான். நல்ல யோசனைதான். ஆனால் மிஸஸ் ஹூக்ஸ்ட்ரா அதற்குள் கயிற்றின் ஓரத்துக்குப் போய்விட்டார். அந்த அம்மாள் பெர்த்தில் ஆயுசு முழுக்கக் கல்யாண உடுப்புத் தைத்துக் கடை நடத்தியவர் என்பதை எங்களுக்கு யார் சொன்னார்கள்?

அவர் பீரோக் கண்ணாடியைப் பார்த்தார். குனிந்து இன்னும் நன்றாகப் பார்த்தார்.

"இது எந்தக் காலத்து டிரஸ்னு சொன்னீங்க?" என்று கேட்டார்.

பக்கத்தில் இருந்த அட்டையைப் படித்து ஒருவர், "தங்கவேட்டைக் காலமாம்" என்றார்.

"அப்போ ஏன் முதுகுல நைலான் ஜிப் இருக்கு?"

அறையில் எல்லாத் தலைகளும் கண்ணாடிப் பக்கம் திரும்பின. நோலீன் கூட்டத்தின் பின்னால் நின்றிருந்தாள். அவள் வாய் திறந்து மூடியது. எந்த நெருக்கடியிலும் அவளைக் காப்பாற்றி வந்த வாய் அது, அன்றைக்குப் பார்த்துக் கைவிட்டுவிட்டது. முகம் கழுத்துக் கம்பளியைவிட வெளுத்துப்போனது. கதவருகே வால் தலையில் கை வைத்துக்கொண்டு பீரோவைப் பார்த்தான்.

ரவுடி நோலீனைப் பார்த்தான். பிறகு பொம்மையைப் பார்த்தான்.

"ஜிப்பு அப்புறம் வெச்சது" என்றான்.

காது மெஷின்களைக் கூட்டுகிற கீச்சுச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

"யாரு வெச்சா?" என்றார் மிஸஸ் ஹூக்ஸ்ட்ரா.

"இந்த ஊர்ப் பொண்ணு ஒருத்தி." ரவுடியின் காது மடல் பழுத்த மிளகாயாகச் சிவந்தது. வாழ்க்கையில் அவன் சொன்ன முதல் பொய் அது, பழக்கம் இல்லாததால் மூச்சு வாங்கியது. "பழைய டிரஸ். சுரங்கத்துல மாப்பிள்ளையைப் பறிகுடுத்தாளே, அவளோடது. பட்டன் எல்லாம் உதிர்ந்து போச்சு. அதான் ஜிப்பு வெச்சு இவ போட்டுக்கிட்டா. இவ கல்யாணத்துக்கு."

"அந்தக் கல்யாணமாவது நடந்துச்சா?" என்று சிரித்த கிழவர் கேட்டார்.

அதோடு டீக்கு அனுப்பியிருக்கலாம். ஆனால் எத்தனையோ வருஷமாக மூடிக் கிடந்த மதகு, முதல் பலகையை எடுத்ததும் மற்றவை நிற்கவில்லை.

"நடக்கல. அந்த ஆளு அன்னிக்குக் காலைலயே லாரியை எடுத்துக்கிட்டு பன்பரிக்குப் போய்ட்டான். இவ சர்ச் வாசல்ல நின்னா. வெயில்ல. அப்புறம் நேரா நடந்து எக்ஸ்சேஞ்சுக்குப் போய் உக்காந்துட்டா. இதே டிரஸ்ல. இவளுக்குப் பதிலா வேலை பாக்க வந்த பொண்ணை, நீ போய்க் கேக் சாப்பிடுன்னு அனுப்பிட்டா. ஊர்ல எல்லாரும் எல்லாருக்கும் போன் போட்டாங்க, இவளைப் பத்திப் பேசறதுக்கு. அத்தனை லைனையும் இவளேதான் போட்டுக் குடுத்தா."

 யாரோ ஒரு அம்மாள், "அட கடவுளே" என்றார்.

"ஒருத்தர் லைனையும் அறுக்கல. அறுத்திருக்கலாம். நானா இருந்தா அறுத்திருப்பேன்."

"உங்களுக்கு எப்படிங்க இவ்வளவும் தெரியும்?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"ஊர் சொல்லுச்சு. அப்புறம், நானும் போன் பண்ணேன்." ரவுடி தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டினான். "மேற்கால குழாய் வெடிச்சு அங்க வேலையா போயிருந்தேன். ரோட்டோரக் கடைல அந்த ஆளைப் பாத்தேன். கல்யாணக் கால்சட்டையோட உக்காந்து கறி பஃப்ஸ் தின்னுக்கிட்டு இருந்தான். விஷயம் புரிஞ்சுது. அவன் போனதும் அந்தக் கடையிலேருந்தே டிரங்க் கால் போட்டேன். இவதான் எடுத்தா. 'எந்த நம்பர்?'னு கேட்டா. குரல் கொஞ்சம்கூட நடுங்கல."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் வரல. மூச்சு விட்டேன். கொஞ்ச நேரம். அப்புறம் வெச்சுட்டேன்."

அவன் தொப்பியைத் திரும்பத் தலையில் போட்டுக்கொண்டான். "அந்த ஆளு முட்டாப்பய" என்று சேர்த்துச் சொன்னான். "அவ்ளோதான். டீ இருக்கு."

மணி அடிக்கவில்லை. மிஸஸ் ஹூக்ஸ்ட்ரா கயிற்றின் மேலாகக் கையை நீட்டி உடுப்பின் கையை விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தார். நான் முன்னமே சொன்னேன், கல்யாண உடுப்பிலேயே வாழ்ந்தவர். தேய்த்ததும் அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. நிமிர்ந்தபோது கண்ணாடியில், கூட்டத்துக்குப் பின்னால் மணியை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கிற நோலீனுடைய முகம் தெரிந்தது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அருமையான பட்டு" என்றார். "இந்தக் காலத்துல இப்படி எங்க கெடைக்குது?"

அது பாலியெஸ்டர். ஒளிவு மறைவு தெரியாத அந்த அம்மாளுக்கு அன்றைக்கு எங்கள் ஊர்க் குடியுரிமையைக் கொடுத்திருக்க வேண்டும்.

ஸ்கோனும் ஜாமும் கிரீமும் வைத்திருந்த மேஜையில் எல்லோரும் தேவைக்கு மேல் சத்தமாகப் பேசிக்கொண்டார்கள். போகும்போது ஒவ்வொருவராக வந்து ரவுடியின் கையைக் குலுக்கினார்கள். பல பேர் காரணம் சொல்லாமல் நோலீனுடைய கையையும் பிடித்து அழுத்திவிட்டுப் போனார்கள். சிரித்த கிழவர் மட்டும், அடுத்த வருஷமும் இதே ஆள்தான் காட்ட வேண்டும், ஒட்டகம் எப்படிச் செத்தது என்று இன்னும் தெரியவில்லை என்றார். வாலுக்கு வேறு கவலை. "இனிமே இவனை ரவுடின்னு கூப்பிட முடியாதே, பேர் பொருந்திப் போச்சே" என்று பீரோவைத் திரும்ப நடைபாதைக்குத் தள்ளிக்கொண்டே முணுமுணுத்தான்.

பேருந்து கிளப்பிய செம்மண் அடங்கியது. வாலும் போய்விட்டான். நோலீன் சமையலறையில் கோப்பைகளைக் கழுவ, ரவுடி துண்டால் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் பக்கம் பார்க்கவே அவனுக்குப் பயம். ஊர் முழுக்கக் கட்டிக் காத்த ஒரு மௌனத்தை, ஊரிலேயே குறைவாகப் பேசுகிறவன் உடைத்துவிட்டான். பெயர் சொல்லவில்லைதான். சொல்லாவிட்டால் என்ன, கண்ணிருந்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள். அவள் இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லிவிடுவாள், திங்கட்கிழமைக் காலையில் தான் எங்கே போவது என்று அவன் யோசித்துக்கொண்டிருந்தான். துடைத்த கோப்பையையே திரும்பத் துடைத்தான்.

நோலீன் குழாயை மூடினாள். எலுமிச்சைத் தண்ணீரை ஒரு மடக்கு குடித்துத் தொண்டையைச் செருமினாள். துருப்பிடித்த கதவு திறப்பதுபோல் கொஞ்சம் குரல் வந்தது.

"அன்னிக்கு மூச்சு விட்டது நீயா?"

"ம்."

"நெஜமாவா?"

"ம்."

"நான் அவன்னு நெனச்சேன்டா, பாவி!"

ரவுடியின் கையில் கோப்பை நின்றது.

"மேற்கேயிருந்து டிரங்க் கால். அவன் போன ரோடு. வேற யாருன்னு நெனப்பேன்?" அவள் விட்டு விட்டு, காற்றும் குரலுமாகப் பேசினாள். "போற வழியில மனசு கேக்காம கூப்பிட்டிருக்கான், பேச வாய் வரலைன்னு நெனச்சேன். திரும்பக் கூப்பிடுவான் கூப்பிடுவான்னு அந்தப் போர்டு முன்னாடியே உக்காந்து கெடந்தேன். பெர்த்துக்கு மாத்தல் குடுத்தாங்க. பெரிய எக்ஸ்சேஞ்சு, கடல்காத்து. வேண்டாம்னுட்டேன். அப்புறம் ஜெரால்டன்ல குடுத்தாங்க, அதையும் வேண்டாம்னுட்டேன். நான் ஏன் இந்த ஈ மொய்க்கிற ஊர்லயே கெடந்தேன்னு நீங்கள்லாம் நெனச்சீங்க? வெயில் புடிச்சா?"

ரவுடி கோப்பையைக் கீழே வைத்தான். ஒரு முழு நிமிஷம் யோசித்தான். அவன் யோசிக்கும்போது குறுக்கிடுவதில் பயனில்லை என்று அவளுக்குத் தெரியும்.

"அதனாலதான் நீ ஊரை விட்டுப் போகலையா?" என்று கேட்டான்.

"அதனாலதான்."

"அப்போ நான் கூப்பிட்டது நல்லதாப் போச்சு" என்றான் ரவுடி.

நோலீன் வாயைத் திறந்தாள். திட்டுவதற்கு எவ்வளவோ இருந்தது, ஆனால் வந்த குரல் அத்தோடு தீர்ந்துபோயிருந்தது. அவன் கையிலிருந்த ஈரத் துண்டை உருவி அவனை ஒரு அடி அடித்தாள், பிறகு இன்னொரு அடி. மூன்றாவதுக்குக் கையை ஓங்கியவள் அப்படியே தொட்டியைப் பிடித்துக்கொண்டு, சத்தமே இல்லாமல், கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ரவுடி ஒரு நாற்காலியை இழுத்து அவளுக்குப் பக்கத்தில் போட்டான்.